அருவித் தண்ணீர் குடித்த கார்

“ஏம்மா, நீ துப்பறிஞ்சு எதைக் கண்டுபிடிக்கப் போற? காணாமப்போன கோழியையா?”

தென்காசியில் மங்களேஸ்வரி தன் வீட்டு வாசலில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டிய அன்று, சப்-இன்ஸ்பெக்டர் தங்கசாமி தெருவில் நின்று கேட்ட கேள்வி அது. தெருவே சிரித்தது. அடுத்த மாதம் அவள் உண்மையிலேயே ஒரு கோழியைக் கண்டுபிடித்தாள். கோழியோடு சேர்த்து, அதைத் திருடிய தங்கசாமியின் மைத்துனனையும் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு அவர் அவளிடம் கேள்வி கேட்பதில்லை. முறைப்பதோடு சரி.

வக்கீல் குமாஸ்தாவாக இருந்த கணவர் இறந்தபின், அவருடைய மேஜையும் நாற்காலியும்தான் அவளுக்கு மிஞ்சின. வெள்ளைப் புடவையோடு அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததை ஊர் இன்னும் ஜீரணிக்கவில்லை. எதிரே முக்காலியில் உதவியாளன் பிச்சுமணி. நாடகக் கம்பெனியில் கோமாளி வேஷம் கட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனி மூடிவிட்டது, வாய் மூடவில்லை.

அன்று காலை அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தவள் மெஹர் பானு. தறி வீட்டுப் பெண். சாயம் ஏறிய விரல்களை மடியில் பிசைந்துகொண்டே அவள் கேட்டாள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரவுக ஒரு ஆளைக் காரை ஏத்திக் கொன்னுட்டேன்னு போலீஸ்ல சொல்லியிருக்காக. அந்த நேரம் அவுக காய்ச்சல்ல என் மடியில தலை வச்சுப் படுத்திருந்தாக. இதுல யாரு பொய்யி? அவுகளா, நானா?”

“குத்தம் செஞ்சவன் இல்லேம்பான். அதைத்தான் நாங்க பாத்திருக்கோம்,” என்றான் பிச்சுமணி. “செய்யாதவன் ஆமாம்னு சொன்னா அதுக்குத் தனியா ஒரு பலகை மாட்டணும்.”

“பிச்சுமணி, வாயை மூடு. நீ சொல்லு பானு.”

விஷயம் இதுதான். மெஹர் பானுவின் கணவன் ஒலி முகம்மது, சிவனணைந்தபெருமாள் பிள்ளையின் கார் டிரைவர். பிள்ளை பெரிய நிலக்காரர். சீசன் வந்துவிட்டால் குடும்பத்தோடு ஐந்தருவிப் பக்கம் இருக்கும் தன் பங்களாவுக்கு வந்துவிடுவார். முந்தாநாள் மாலை, குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு நடந்து வந்துகொண்டிருந்த தாணுமாலயன் என்பவரை ஒரு கறுப்புக் கார் இடித்துவிட்டுப் போய்விட்டது. அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மனிதர் அவர். பள்ளத்தில் கிடந்தவரை மாட்டு வண்டிக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை ஒலி முகம்மது பிள்ளையின் காரைத் தென்காசிப் பட்டறைக்குக் கொண்டுபோனான். அங்கே ரேடியேட்டரைக் கழுவியபோது தண்ணீருக்குப் பதிலாக ரத்தம் கொட்டியதாம். பட்டறைக்காரர் போட்ட கூச்சலில் கூட்டம் கூடி, போலீஸும் வந்தது. “நான்தான் இடிச்சேன்” என்று ஒலி முகம்மது கையை நீட்டிவிட்டான்.

“நான் ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன் அக்கா. அன்னைக்கு வீட்டை விட்டே அவுக எந்திரிக்கலைன்னு சொன்னேன். புருஷனைக் காப்பாத்தப் பொஞ்சாதி இதுகூடச் சொல்லாட்டா எப்படின்னு சிரிக்காக. அதைத் தாங்கிக்கலாம். அவுக கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ‘அவ சொல்லுதது பொய்யி’ன்னு சொல்லுதாக. என் முகத்தைப் பாத்து.”

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் போலிருந்தாள்.

“நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தப் போறாக. அங்கனயும் இதையே சொன்னா ஜெயிலுதான். அதுக்குள்ள ஏதாச்சும் செய்யுங்க அக்கா.”

“ரேடியேட்டர்ல ரத்தம்,” என்றாள் மங்களேஸ்வரி தனக்குத்தானே. “எந்திரி பிச்சுமணி. பட்டறைக்குப் போவோம்.”

குத்துக்கல்வலசைக்குப் போகிற சாலையில் இருந்தது துல்கர்னைனின் பட்டறை. நேற்றிலிருந்து அது திருவிழாக் கடைபோல் ஆகியிருந்தது. ரத்தம் கக்கிய காரைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் பெரிய சிவப்புத் திட்டு ஒன்று காய்ந்து கிடந்தது. யாரோ பயந்து போய் அதன் மேல் வேப்பிலைக் கொத்தும் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“வாங்கம்மா, வாங்க.” துல்கர்னைன் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். கதை சொல்லிச் சொல்லி அவர் குரல் கட்டியிருந்தது. “இந்தா நிக்குதே, இந்த வண்டிதான். இந்தக் குழாயைத் திறந்தேன். குபுகுபுன்னு வந்துச்சு. அந்த மனுசன் ரத்தத்தை உறிஞ்சி வச்சிருந்து நியாயம் கேட்டிருக்கு, பாருங்க.”

“இருக்கட்டும் பாய். முதல்ல எதுக்கு ரேடியேட்டரைக் கழுவுனீங்க?”

“ஒலி முகம்மதுதான் கழுவச் சொன்னான். முன்னால எங்கயோ இடிச்சுட்டேன், ரேடியேட்டர்ல ஓட்டை, ஈயம் வச்சுப் பத்த வைக்கணும்னு வந்தான். சரி, கழட்டுதேன்னேன். கழட்டுததுக்கு முன்னாடி மருந்து போட்டுக் கழுவிருன்னு ஒத்தக்கால்ல நின்னான்.”

“என்ன மருந்து?”

துல்கர்னைன் அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளைப் பொடி.

“கெணத்துத் தண்ணி ஊத்துத வண்டியில உப்புப் படியும்மா. வென்னீர்ப் பானைக்கு அடியில வெள்ளையா ஒட்டும்லா, அது மாதிரி. படிஞ்சா தண்ணி ஓடாது, இஞ்சின் கொதிச்சிரும். இந்தப் பொடியைப் போட்டு, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுச் சூடாக்கி, அடியில திறந்து விட்டா எல்லாம் கரைஞ்சு வந்திரும். அப்புறம் நல்ல தண்ணி ஊத்தி அலசணும்.”

“பேதி மருந்துன்னு சொல்லுங்க பாய்,” என்றான் பிச்சுமணி. “எங்க அம்மை எனக்கு ஞாயித்துக்கிழமை குடுப்பா. எனக்கும் வெளிய வந்ததைப் பாக்கக் கூட்டம்தான் கூடல.”

மங்களேஸ்வரி டப்பாவை முகர்ந்தாள். விரலால் தொட்டுத் தேய்த்தாள். “சலவைச் சோடா வாசனை.”

“அதான் பாதிக்கு மேல. மிச்சம் சீமைக்காரன் ரகசியம்.”

“சாதாரணமா உள்ள இருந்து என்ன வரும்?”

“துருத் தண்ணி வரும். சுண்ணாம்புச் செதில் செதிலா வரும்.”

“இதுல செதில் வந்துதா?”

துல்கர்னைன் யோசித்தார். நேற்றிலிருந்து யாரும் அவரை இதைக் கேட்கவில்லை.

“இல்லம்மா. ஒரு பொட்டு இல்ல. எப்படி வரும்? ஒலி முகம்மது கெணத்துத் தண்ணியை இந்த வண்டிக்குக் காட்டவே மாட்டான். டிக்கியில எப்பவும் ஒரு கேன் ஐந்தருவித் தண்ணி வச்சிருப்பான். ‘உங்க வண்டியெல்லாம் உப்புத் தண்ணி குடிச்சுச் சாவுது, என் வண்டி அருவித் தண்ணி குடிச்சு வளருது’ன்னு எங்களையெல்லாம் கேலி பண்ணுவான்.”

“அப்ப உப்பே படியாத வண்டிக்கு உப்பைக் கழுவுற மருந்து எதுக்கு?”

துல்கர்னைன் அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கி மறுபடி பார்த்தார்.

மங்களேஸ்வரி குனிந்து தரையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். சுற்றி நின்ற நாலைந்து பேர் பதறிப் பின்வாங்கினார்கள். அவள் அதைத் தகர விளிம்பில் கீறி, சிவப்புத் திட்டின் ஓரத்தில் பிழிந்தாள்.

சாறு விழுந்த இடம் கண்ணெதிரே மஞ்சளாயிற்று.

“எந்த ஊர்ல பாய் ரத்தம் மஞ்சளாகும்?”

கூட்டத்தில் ஒருவர் மெதுவாக நழுவினார். இன்னொருவர் தொடர்ந்தார்.

“ஆலத்தித் தண்ணி!” என்று கத்தினான் பிச்சுமணி. “மஞ்சள்ல சுண்ணாம்பைப் போட்டா செவக்குமே, அது!”

“சுண்ணாம்பு வேண்டாம். சோடா போதும். மஞ்சக்கறையைச் சோப்புப் போட்டுத் துவைச்சா துணி செவந்து போகும். துவைக்கிறவளைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பா. இங்க இருந்ததெல்லாம் துவைச்சதை எடுத்துக் கட்டுறவங்க.”

துல்கர்னைன் முகத்திலிருந்து அந்த ஒரு நாள் புகழ் வடிந்து போனது. “அப்ப ரத்தம் இல்லியா?” என்றார், ஏமாற்றத்தோடு. பிறகு தொழிற்காரன் விழித்துக்கொண்டான். “மஞ்சப்பொடி… ஆமாம்மா, போடுவாங்க. ஆரியங்காவு மலையில லாரி ஒழுகிச்சுன்னா டிரைவருங்க மஞ்சப்பொடியைத்தான் கொட்டுவாங்க. ஊறி உப்பி ஓட்டையை அடைச்சிரும். ஒலி முகம்மது அப்படித்தான் ஓட்டிட்டு வந்திருப்பான்.”

“இருக்கலாம். பானட்டைத் தூக்குங்க.”

ரேடியேட்டரின் மூடியைச் சுற்றி, தகர மடிப்பில், அவசரத்தில் சிந்திய பொடி நனைந்து பொருக்காக ஒட்டியிருந்தது. மருந்து தொடாத இடம், அதனால் நிறம் மாறவில்லை. மங்களேஸ்வரி நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு கணம் அப்படியே நின்றாள்.

“என்ன அக்கா?”

“சமையல் மஞ்சள் இல்ல. பூலாங்கிழங்கு இருக்கு. பயத்தமாவு இருக்கு. குளியல் பொடி.”

அவள் கணவர் இருந்த காலத்தில் தினமும் பூசிய வாசனை. இப்போது கடைத்தெருவில் அந்தப் பொடி விற்கிற பெண்கூட அவளைக் கண்டால் கூடையை மூடிக்கொள்கிறாள். மங்களேஸ்வரி விரலைப் புடவையில் துடைத்தாள். வாசனை போகவில்லை.

“காருக்கு நலங்கு வச்சிருக்காக,” என்றான் பிச்சுமணி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

அவள் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தாள். பிரேக் மிதியின் ரப்பரில் பிறை பிறையாகச் சின்னப் பள்ளங்கள். பழையவற்றில் அழுக்கு அடைந்திருந்தது. ஒன்று மட்டும் புதியது. ரப்பரே கிழிந்திருந்தது.

“பாய், ஒலி முகம்மது காலுக்கு என்ன போடுவாரு?”

“டயர் செருப்பு.”

“பிச்சுமணி, இது என்ன தழும்பு?”

அவன் எட்டிப் பார்த்தான். தன் கால்விரலைப் பார்த்தான். வாயில் வந்த வேடிக்கையை விழுங்கிவிட்டுச் சொன்னான். “மெட்டி.”

சாரல் அடிக்க, ஜட்கா குற்றாலம் நோக்கி ஓடியது. பிச்சுமணி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குதிரையைவிட அதிகமாகக் குலுங்கினான்.

“எனக்கு ஒண்ணு விளங்கல அக்கா. மாட்டிக்கத் தயாரா இருக்கவன் எதுக்குக் கழுவணும்? கழுவுதவன் எதுக்கு மாட்டிக்கணும்?”

“வண்டி முன்பக்கம் நசுங்கியிருக்கு. விளக்கு உடைஞ்சிருக்கு. அதை மறைச்சாரா?”

“இல்ல. பட்டப்பகல்ல பட்டறைக்கே கொண்டு போயிருக்காரு.”

“ஊருக்கே தெரியுற வெளிப்பக்கத்தை விட்டுட்டு, யாருக்கும் தெரியாத உள்பக்கத்தைக் கழுவியிருக்காரு. பத்த வைக்க ரேடியேட்டரைக் கழட்டுனா பாய் குளியல் பொடியைப் பாத்துருவாரு. அந்த ஆளு குத்தத்தை மறைக்கல, பிச்சுமணி. ஒரு பொம்பளையை மறைச்சாரு.”

“மருந்து அதைச் செவப்பாக்கிக் காட்டிக்குடுத்திருச்சு.”

“ஆமா.”

“அந்த வீட்டுல மெட்டி போட்ட கால் எத்தனை?”

“கார்ல ஏறுறவ ஒருத்திதான். பிள்ளை பொஞ்சாதி வடிவாம்பாள். சிவகிரிப் பொண்ணு.”

பிச்சுமணி தலைத் துண்டை எடுத்துப் பிழிந்தான். பிறகு, “மெஹர் பானுகிட்ட இதை எப்படி அக்கா சொல்லுவீங்க?” என்றான்.

மங்களேஸ்வரி வண்டிக்காரனை வேகமாகப் போகச் சொன்னாள்.

பங்களா ஈரப் பலாமரங்களுக்கு நடுவே இருந்தது. பிள்ளை சிநேகிதர்களோடு ஐந்தருவிக்குப் போயிருந்தார். பிச்சுமணி பின்கட்டுக்குப் போய்ச் சமையல்காரியிடம் காப்பி கேட்டு, கூடவே தன் நாடகக் கதைகளையும் அவிழ்த்து, அவளை அங்கேயே பிடித்து வைத்தான். வராந்தாவில் வடிவாம்பாள் தனியாக இருந்தாள். முப்பது வயது இராது. ஈரக் கூந்தலைச் சாம்பிராணிக் கூடைமேல் விரித்துப் போட்டிருந்தாள்.

“அவுக அருவிக்குப் போயிருக்காக,” என்றாள், வெள்ளைப் புடவையை ஒரு பார்வை பார்த்துவிட்டு. “கோயில் காரியம்னா சாயங்காலம் வாங்க.”

“கார் காரியம்.”

“கார் காரியம் எனக்கு என்ன தெரியும்?”

“பிரேக் எந்தக் காலுக்குன்னு தெரியும். உங்க வலது கால் மெட்டி கோணியிருக்கு.”

வடிவாம்பாள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அடுத்த நொடியே, இழுத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தவள் போல, மறுபடி வெளியே நீட்டினாள்.

“நீங்கதான் அந்தத் துப்பறியுற அம்மாவா?”

“ஆமா.”

“பானட்டைத் திறந்து பாத்தீங்களாக்கும்.”

“பொடி நல்ல பொடி. கடையில வாங்குனது இல்ல, வீட்டுல அரைச்சது.”

வடிவாம்பாள் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே பிச்சுமணியின் குரலும் சமையல்காரியின் சிரிப்பும் கேட்டன.

“போன தையிலேருந்து ஓட்டுதேன்,” என்றாள் தாழ்ந்த குரலில். அதில் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். “அவுக ரயில்ல மதுரைக்குப் போற நாளெல்லாம் பழைய குற்றாலம் ரோட்டுல கத்துக்கிட்டேன். முதல்ல ஒலி முகம்மது மாட்டேன்னுதான் சொன்னான். நான் அழுதேன். அதுக்கப்புறம் கத்துக்குடுத்தான்.”

“முந்தாநாளு?”

“அவனுக்குக் காய்ச்சல், வரல. தனியா எடுத்தா என்னன்னு தோணிச்சு. நல்லாத்தான் ஓட்டுனேன். திரும்பையில சாரல் வலுத்துச்சு, கண்ணாடியில ஒண்ணும் தெரியல. ஒரு ஆளு தலைக்கு மேல வாழையிலையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டுனான். மிதிச்சேன். நிக்கல. அவனை இடிச்சுட்டு மைல்கல்லுல முட்டித்தான் நின்னுச்சு.”

“அப்புறம்?”

“ரேடியேட்டர்லேருந்து தண்ணி ஒழுகுச்சு. ஒழுகுனா மஞ்சப்பொடி போடணும்னு ஒலி முகம்மது சொல்லியிருக்கான். குளிக்கப் போற பையில இந்தப் பொடிதான் இருந்துச்சு. போட்டேன். டிக்கியில தண்ணிக் கேன் இருந்துச்சு. ஊத்துனேன்.”

“கீழ கெடந்த ஆளு?”

“முனங்கிக்கிட்டு இருந்தான்.”

“வண்டிக்குத் தண்ணி ஊத்துனீக. அவருக்கு ஒரு வாய் ஊத்துனீகளா?”

சாம்பிராணிப் புகை இருவருக்கும் நடுவே எழுந்தது. வடிவாம்பாள் கூந்தலை மறுபக்கம் புரட்டிப் போட்டாள்.

“கேன்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு,” என்றாள்.

ஊற்றவில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

“ஒலி முகம்மதை மாட்டிக்கச் சொன்னது நீங்களா?”

“நான் அவனைப் பாக்கவே இல்ல. காலையில வேலைக்கு வந்திருக்கான். வண்டியைப் பாத்திருக்கான். அவனே எடுத்துட்டுப் போயிட்டான். நான் அறைக்கதவைத் திறக்கல. மத்தியானம் போலீஸ் வந்து அவுகட்டச் சொன்னபிறகுதான் எனக்கே தெரியும்.”

“அவரு பொஞ்சாதி தெருத்தெருவா அலையுதா. ஸ்டேஷனுக்கு வந்து நடந்ததைச் சொல்லுங்க.”

“சொன்னா?” வடிவாம்பாள் சிரித்தாள். “உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா, யாரு கத்துக்குடுத்தது, எங்க வச்சு, தனியாவான்னு கேப்பாக. அதுக்கப்புறம் செத்த ஆளை ஒருத்தரும் பேசமாட்டாக. என்னையும் அவனையும்தான் பேசுவாக. அவுக என்னைச் சிவகிரியில கொண்டு போய்த் தள்ளிருவாக.”

“பேசுறதுக்கு ஏதும் உண்டா?”

“கியர் மாத்தையில கை பட்டா ‘மன்னிச்சிருங்கம்மா’ம்பான். அம்புட்டுதான்.” அவள் எழுந்தாள். “நீங்க போய்ச் சொல்லுங்க. நான் இல்லேம்பேன். பொம்பளை கார் ஓட்டுனான்னு யாரு நம்புவா? இந்த மெட்டியும் நாளைக்கு என் காலுல இருக்காது. அருவியில எத்தனையோ பேருது போகுது.”

தென்காசி ஸ்டேஷனுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பிற்பகல். காலையில் அவர்களிடமிருந்து நேரே அங்கே வந்த மெஹர் பானு சுவரோரம் நின்றிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

“தெரிஞ்சுதா அக்கா?”

“தெரிஞ்சுது. நீ சொன்னது நிசம். அவரு வண்டியில இல்ல.”

“யாருக்கா? யாரு ஓட்டுனது?”

மங்களேஸ்வரி அவளை வெளியே நிற்கச் சொல்ல நினைத்தாள். பிச்சுமணிகூட அவள் கையைத் தொட்டுக் கண்ணால் அதையே கேட்டான். ஆனால் காய்ச்சலில் கிடந்ததற்கு இருக்கிற ஒரே சாட்சி இந்தப் பெண்தான். உள்ளே இருந்தால் காரியத்துக்கு உதவும். “உள்ள வா,” என்றாள்.

பிற்பாடு அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் அவள் பலநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் தங்கசாமி வழக்கம்போல் முறைத்தார்.

“என்னம்மா, ரத்தம் இல்ல மஞ்சள்னு பட்டறையில வித்தை காட்டுனியாமே. மஞ்சளா இருந்தா என்ன, குங்குமமா இருந்தா என்ன? அவன்தான் ஒத்துக்கிட்டானே.”

“அவரோட நான் கொஞ்சம் பேசணும். நீங்க பேசவேண்டாம், கேட்டா போதும்.”

“கேக்கத்தானே? காது என்ன தேஞ்சா போகும்?”

கம்பிக்குப் பின்னால் ஒலி முகம்மது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இன்னும் விடவில்லை. கண்கள் பழுத்திருந்தன. மனைவியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஒலி முகம்மது, நான் ஐந்தருவி பங்களாவுலேருந்து வாரேன்.”

அவன் திரும்பவில்லை.

“வடிவாம்பாளைப் பாத்தேன்.”

“அவுகளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வண்டியை ஓட்டுனது நான்.”

“சரி, நீங்கதான். நான் அதைக் கேக்க வரல. அந்தம்மா படுத்த படுக்கையா இருக்காக. நெஞ்சுல அடி. ஸ்டியரிங் இடிச்சிருக்கு போல. மூச்சு விட முடியல. டாக்டரைக் கூப்பிட்டா வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிரும்னு யாருகிட்டயும் சொல்லாம—”

ஒலி முகம்மது எழுந்தான். எழுந்த வேகத்தில் கம்பியில் வந்து மோதினான்.

“எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் அடி? ரத்தம் கக்குனாகளா?”

“யாரு கண்டா?”

“நான் வண்டியை மட்டும்தானே பாத்தேன்! காலையில அவுகளைப் பாக்கவே முடியல. கதவு பூட்டியிருந்துச்சு. சீட்டுல ரத்தம் இல்லியே, அடி ஏதும் பட்டிருக்காதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன். யா அல்லா, ரெண்டு நாளாவா அப்படிக் கெடக்காக? யாராவது டாக்டரைக் கூட்டிட்டுப் போங்கம்மா! என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க, முதல்ல அவுகளைப் பாருங்க!”

நாற்காலி நகர்ந்தது. தங்கசாமி எழுந்து நின்றிருந்தார்.

“ஏலே,” என்றார் மெதுவாக. “ஓட்டுனது நீன்னா, பக்கத்துல இருந்தவளுக்கு அடி பட்டுதா இல்லியான்னு உனக்குத் தெரியாதா? சீட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டியாக்கும்?”

ஒலி முகம்மது அவரைப் பார்த்தான். மங்களேஸ்வரியைப் பார்த்தான். புரிய ஆரம்பித்தது.

“அந்தம்மா நல்லாத்தான் இருக்காக,” என்றாள் அவள். “தலைக்குச் சாம்பிராணி போட்டுக்கிட்டு இருக்காக.”

அவன் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, பயமில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி. மூடி மறைக்க அவனுக்கு நேரமிருக்கவில்லை. அந்த அறையிலிருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

தங்கசாமி தொண்டையைச் செருமினார். “பெரிய இடம்மா. அந்த வீட்டுப் படியேற மேல கேட்டுத்தான் செய்யணும். கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவனை வேணா விட்டுருதேன். காய்ச்சல்ல கெடந்தான்னு இந்தப் பொண்ணு முதல்லயே சொல்லிச்சு. நான்தான் கேக்கல.”

“அப்ப, செத்துப்போன தாணுமாலயன்?” என்றாள் மங்களேஸ்வரி.

தங்கசாமி தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியை எடுத்துக் கதவைத் திறக்கப் போனார்.



பூட்டுத் திறந்த சத்தத்தில்தான் ஒலி முகம்மதுக்குத் தன் மனைவி அங்கே நிற்பது நினைவுக்கு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“மெஹர்,” என்றான். “நீ நெனக்குத மாதிரி இல்ல. ஒரு நாளும் தப்பா… குரான் மேல சத்தியமா, ஒரு நாளும்…”

மெஹர் பானு அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனுடைய பழுத்த கண்களை, கம்பியில் மோதிச் சிவந்த நெற்றியை, சுவரைப் பிடித்திருந்த கையை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு நாளாக அவள் கேட்டதெல்லாம் இந்தக் கதவு திறக்கவேண்டும் என்பதுதான். அது திறந்திருந்தது.

அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். மங்களேஸ்வரியைத் தாண்டி, பிச்சுமணியைத் தாண்டி, வாசற்படியில் இறங்கி, சாரலுக்குள் நடந்து போனாள்.